கனிமக் குத்தகை: அரசு எழுத்தில் பதில் சொல்லட்டும்

குத்தகை கேட்டு விண்ணப்பித்தவரிடம் தருகிறேன் என்றும் சொல்லாமல், தரமாட்டேன் என்றும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் கோப்பைக் கிடப்பில் போட்டால் அவர் எங்கே போவார்? நீதிமன்றத்துக்குத்தான்.

அங்கே போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் 1981இல் விடை தந்தது. கறுப்பு கிரானைட் வெட்ட இனித் தனியாருக்குக் குத்தகை இல்லை என்று 1977 டிசம்பரில் தமிழக அரசு 8-சி விதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள், தாமதித்தது அரசு, தண்டனை எங்களுக்கா என்று கேட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் வென்றது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய ‘ஹிந்த் ஸ்டோன்’ தீர்ப்பு அதை மாற்றியது. நியாயமான காலத்துக்குள் விண்ணப்பத்தை முடிப்பது அரசின் கடமை. ஆனால், காத்திருந்ததாலேயே உரிமை பிறந்துவிடாது. முடிவெடுக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியே செல்லும்.

கனிமம் பொதுச்சொத்து என்பதால் இந்தத் தீர்ப்பை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனாலும் கடமை தவறிய அதிகாரிக்கு அதில் எந்த விலையும் இல்லை. 2015 ஜனவரி 12இல் கனிமச் சட்டத்தில் 10-ஏ பிரிவு வந்தபோது, நாடெங்கும் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் சில விலக்குகள் நீங்கலாக ஒரேயடியாகச் செல்லாதவையாயின. ஏன் தேங்கின என்று யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏற்கெனவே குத்தகை வைத்திருந்தவருக்கோ இதே தாமதம் லாபமாக இருந்தது. புதுப்பிக்கக் கோரும் மனுவில் அரசு முடிவெடுக்கும்வரை பழைய குத்தகை நீடிப்பதாகக் கருதலாம் என்று விதி இருந்தது. கோவாவில் 2007 நவம்பர் 22ஆம் தேதியோடு காலம் முடிந்த குத்தகைகளில் அதன் பிறகும் இரும்புத்தாது வெட்டினார்கள். அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள் 2014 ஏப்ரல் வந்துவிட்டது.

தூத்துக்குடிக் கரையில் நடந்தது இன்னும் மோசம். இங்கே அலை கரையேறித் திரும்பும்போது லேசான வெண்மணலை இழுத்துக்கொண்டு போகிறது. கனமான கார்னெட் செந்தீற்றலாகவும் இல்மனைட் கருந்தீற்றலாகவும் கரையிலேயே தங்குகின்றன. அலையே பாதி சலித்துத் தரும் இந்த மணலை அள்ளக் கையில் குத்தகை வேண்டும் என்ற அச்சம்கூட ஒரு கட்டத்தில் இல்லாமல் போனது. 2013 ஆகஸ்டில் வைப்பாறு பகுதியில் சோதனை நடத்த உத்தரவிட்ட ஆட்சியர் ஆசிஷ் குமார் சூட்டோடு சூடாக மாற்றப்பட்டார். அடுத்த சில நாட்களில் மாவட்டத்தில் தாதுமணல் எடுக்கத் தடை வந்தது. அரசு அமைத்த ககன்தீப் சிங் பேடி குழு ஆய்வுக்கு இறங்கியது. சி.பி.ஐ. விசாரணைக்கும், மணல் நிறுவனங்களிடமிருந்து ₹5,832 கோடியை வசூலிக்கவும் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 பிப்ரவரியில். இடையில் ஓடியவை பதினொன்றரை ஆண்டுகள்.

விதிப்படி மனுக் கொடுத்தவன் காத்துக் கிடக்கிறான். கொடுக்காமல் அள்ளியவன் கப்பலேற்றுகிறான். தாமதத்தை எதிர்த்து வழக்குப் போடுகிறவரை மணல் கொள்ளையரோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நம் சூழலியல் நண்பர்களிடம் உண்டு. அது தவறு. பதில் கேட்பது குடிமகனின் உரிமை. அதே சமயம், முடிவெடுக்கக் கெடு வைத்து, அது தாண்டினால் குத்தகை கிடைத்ததாகக் கருத வேண்டும் என்று தொழில்துறையினர் கேட்டால் அதை அடியோடு எதிர்க்க வேண்டும். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத கடல் இது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி விலாங்குசல்லித் தீவையே நீருக்கடியில் தொலைத்த கரை. அதிகாரியின் சோம்பலுக்கு இந்தக் கரை ஈடு கொடுக்க முடியாது. கெடு தாண்டினால் மறுத்ததாகக் கருதலாம் என்பதும் போதாது. காரணம் எழுதாத மறுப்பை எந்த நீதிமன்றம் சோதிக்கும்?

தாதுமணல் 2019 முதல் தனியாருக்கு இல்லை. 2023 சட்டத்திருத்தம் கடற்கரை மணலோடு தேரி (செம்மணல் மேடு) மணலையும் பெயர் சொல்லியே அணுக்கனிமப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே, சாத்தான்குளம் தேரிக்கோ பெரியதாழைக் கரைக்கோ அடுத்து வரும் விண்ணப்பம் அரசு நிறுவனத்துடையதாகவே இருக்கும். அரசே கேட்டு அரசே கொடுக்கும்போது கோப்பு தேங்காது, பறக்கும். கெடு அங்கேயும் வேண்டும், இரு முனையிலும்: இத்தனை நாளுக்குள் முடிவு, இத்தனை நாளுக்கு முன் முடிவு கூடாது. விண்ணப்பம் வந்த தேதியும், கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்பதும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். சங்கு குளிப்பவரும் கட்டுமரக்காரரும் சொன்னதை உத்தரவில் எழுதி, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு ஆட்சியர் கையெழுத்திட வேண்டும்.