முன்னோர் முகத்தைக் கணினி வரையலாமா?



எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காக, 1962ஆம் ஆண்டில் தோட்டப் பள்ளியில் எடுத்த குழுப்படம் ஒன்றைச் செயற்கை நுண்ணறிவால் படங்களைப் பெரிதாக்கும் மென்பொருளில் இட்டேன். அதன் பழைய பதிப்பு முகங்களை மங்கலாகவே விட்டிருந்தது. புதிய பதிப்போ கண்ணிமைகளைக்கூடத் தெளிவாகக் காட்டியது. மகிழ்ந்தேன். ஆனால், படத்தைப் பார்த்த முன்னாள் மாணவியான பாட்டி ஒருவர், "இது எங்க அண்ணன் இல்லையே, வாத்தியாரே!" என்றார். பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்துகளும் பொருளற்ற கீறல்களாக மாறியிருந்தன.

காரணம் எளிது. படத்தில் பதிவாகாத நுணுக்கங்களை மென்பொருள் மீட்பதில்லை. தான் பயின்ற படங்களைக் கொண்டு ஊகித்து வரைகிறது. 2020இல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பல்ஸ்' என்னும் கருவி, ஒபாமாவின் மங்கலான படத்தை வெள்ளையர் ஒருவரின் முகமாக மாற்றியதை உலகமே பேசியது.

மலையையும் மரத்தையும் இவ்வாறு பெரிதாக்குவதில் தவறில்லை. வரலாற்றுப் படங்களுக்கு இது பொருந்தாது. ஆகவே, மலரில் மூலப்படத்தையே வெளியிட்டோம். நீங்களும் மூலப்படத்தை வருடியால் நகலெடுத்துக் காத்து வையுங்கள். பெரிதாக்கிய படத்தைப் பயன்படுத்தினால், அதன்கீழ் 'கணினியால் மெருகேற்றப்பட்டது' என்று எழுதுங்கள்.

தெளிவான பொய்யைவிட மங்கலான உண்மையே மேல். சிந்திப்போம்.