வயிற்று வலி: எல்லாமே ஷவர்மா பண்ண வேலையா?

மட்டாஞ்சேரியில் ராத்திரி பிரியாணி சாப்பிட்டு, விடியற்காலையில் வயிறு பிடித்தால் முதல் சந்தேகம் சாப்பாட்டின் மேல்தான். 2022 மே மாதம் காசர்கோடு செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்து, ஷிகெல்லா பாக்டீரியா உறுதியானதை கேரளா மறக்கவில்லை. பயம் நியாயம்தான்.

ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் வேறொன்றைக் கேட்பார்: முதலில் வந்தது வாந்தியா, வலியா? வலி முந்திக்கொண்டு, தொப்புளருகே தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் குடல்வால் அழற்சியா என்று பார்ப்பார்கள். மேல்வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டினால் உடனே ஈசிஜி. மாரடைப்பும் இப்படி வரும். ‘கேஸ்’னு சோடா குடிச்சுட்டு படுத்துடாதீங்க.

பெண்களிடம் கர்ப்பப் பரிசோதனை கேட்டால் கோபம் வரலாம். கருக்குழாயில் வளரும் கரு வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் போகும், அதனால்தான் கேட்கிறார்கள்.