குறைந்த எண்ணும் நிறைந்த அச்சமும்

தோழரே!

குன்னூரை விட்டு உதகை நோக்கி ஏறும் மலை இரயில், வெலிங்டனைக் கடந்ததும் வந்து நிற்கும் நிலையம் அருவங்காடு. பெயரிலே காடு இருக்கிறது. ஊரை ஆள்வதோ தொழிற்சாலை. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் வேண்டிய கார்டைட் என்னும் வெடிமருந்தை ஆக்குவதற்காக, இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் வெள்ளையன் இங்கே ஆலை அமைத்தான். வெள்ளையன் போனான், ஆலை நிலைத்தது. நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகக் கூறுபோட்ட 2021 அக்டோபர் முதல் நாள் தொட்டு, மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் அது இயங்கி வருகிறது. பக்கத்திலேயே வெலிங்டன், அங்கே மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம், முப்படை அதிகாரிகளும் கற்க வரும் கல்லூரி. மதிலுண்டு, முள்வேலியுண்டு, வாயிலுக்கு வாயில் காவலுண்டு. காவலுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் தமிழ்நாட்டில் எதுவெனக் கேட்டால், இதைத்தான் முதலில் காட்டவேண்டும்.

"அமைதியான மாவட்டம், குற்றம் குறைந்த மாவட்டம்" என்று நீலகிரியைப் பாராட்டுவோர் உளர். கோடையில் வந்து குளிர் காய்ந்து திரும்பும் செல்வர்கள் மட்டுமல்லர், கோப்பு பார்க்கும் அதிகாரிகளும் அவ்வாறே கூறுகின்றனர். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. சென்னைப் பெருநகரத்தோடு ஒப்பிட்டால் இங்கே பதிவாகும் வழக்குகள் சிலவாகத்தாம் இருக்கும். எண் சிறிது; ஆகவே அச்சமில்லை; ஆகவே உறங்கலாம் என்பது அவர்தம் கணக்கு.

புள்ளிவிவரத்தை இகழ்வோர் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். எண்ணாமல் ஆள்வது குருட்டாட்சி. ஆனால் எண்ணப்படுவது எது, எண்ணப்படாமல் விடப்படுவது எது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டல்லவா?

டில்லியில் தேசியக் குற்ற ஆவணப் பணியகம் என்றொரு துறை இருக்கிறது. 1986 இல் அமைக்கப்பட்டது. 'இந்தியாவில் குற்றங்கள்' என்னும் தடித்த தொகுதியை அது வெளியிடுகிறது. அந்தத் தொடரோ பணியகத்தினும் மூத்தது. 1953 ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்குவது. அத்தொகுதியைத் தொகுப்போரே ஓர் எச்சரிக்கை தருகின்றனர்: பதிவான வழக்குகள் கூடியிருந்தால் குற்றம் கூடிவிட்டது என்று பொருள் கொள்ளற்க, மக்கள் துணிந்து புகார் கொடுப்பதாலும், காவல் நிலையம் ஒழுங்காகப் பதிவதாலும் எண் கூடக்கூடும் என்று. அதைத் திருப்பிப் பாருங்கள், தோழரே! எண் குறைந்திருந்தால் குற்றம் குறைந்துவிட்டது என்றும் பொருள் கொள்ள முடியாதன்றோ? மேடையில் முழங்குவோர் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரே நிகழ்ச்சியில் பல குற்றங்கள் கலந்திருப்பின், அவற்றுள் கொடியதாகிய ஒன்றை மட்டுமே கணக்கில் ஏற்றுவர். வீடு புகுந்து, கட்டிப்போட்டு, கொள்ளையடித்து, கொலையும் செய்தால், கொலை என்னும் கட்டத்தில் 'ஒன்று' என்று விழும்; ஏனையவை மறைந்துபோம்.

இந்த விதியை நினைவில் வைத்துக்கொண்டு, அருவங்காட்டிலிருந்து கிழக்கே, கோத்தகிரியையும் தாண்டிக் கொடநாட்டுக்கு வாருங்கள். முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குரிய எஸ்டேட் அது. ஏறத்தாழ 900 ஏக்கர் தேயிலை. அவர் 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். ஐந்து மாதங்கூட ஆகவில்லை. 2017 ஏப்ரல் 23 நள்ளிரவு தாண்டி 24 விடிவதற்குள், ஒரு கும்பல் உள்ளே நுழைந்தது. நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார், மற்றொருவர் காயமுற்றார். களவு போனவை சில கைக்கடிகாரங்களும் பளிங்குப் பொம்மையும் என்று காவல்துறை கூறிற்று. அடுத்த சில நாட்களில், சந்தேகிக்கப்பட்ட முன்னாள் ஓட்டுநர் சேலம் மாவட்டத்தில் சாலை விபத்தில் இறந்தார். எஸ்டேட்டில் கணினி இயக்கிய இளைஞர் அவ்வாண்டு ஜூலையில் தற்கொலை செய்துகொண்டதாகப் பதிவாயிற்று. 2021 இல் மறுபடியும் கிளறப்பட்டது. 2022 இல் சி.பி.சி.ஐ.டி. வசம் போயிற்று, 2025 ஆம் ஆண்டிலும் விசாரணை நீண்டுகொண்டேயிருந்தது.

யார் ஏவினர், எதைத் தேடினர் என்பதை நீதிமன்றம் உரைக்கட்டும். அரசியல் மேடைகளில் அதுபற்றிப் பேசாதவர் இல்லை. நான் கேட்பது வேறு. அந்த இரவு குற்றக் கணக்கில் என்னவாக விழுந்தது? நீலகிரி மாவட்டம், 2017, கொலை: ஒன்று. சாலை விபத்து, விபத்துக் கட்டத்தில். அதுவும் வேறு மாவட்டத்தில். தற்கொலை, தற்கொலைக் கட்டத்தில். ஆண்டுகள் பலவாக ஒரு மாநிலத்தையே உலுக்கிய நிகழ்ச்சி, அட்டவணையில் ஓர் ஒற்றை இலக்கமாக ஒடுங்கிப் போகிறது. அந்த ஒற்றை இலக்கத்துக்குள் கிடப்பவரும் மாளிகைக்கு உரியவர் அல்லர்; மாளிகையைக் காத்து நின்று, மாதச் சம்பளத்துக்குக் குளிரில் விழித்திருந்த அயல்நாட்டு ஏழை. மாடங்கள் உயர்ந்த இடத்திலும் மடிபவன் வாயிற்காவலன்தான்.

சரி, எட்டாத மாளிகையை விடுவோம். எட்டும் தொலைவிலுள்ள காவல் நிலையத்துக்கு வருவோம். அடிதடி, மிரட்டல், கூலி ஏமாற்று, குடித்துவந்து கதவை உதைக்கும் கணவன்: இவற்றுள் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு ஒரு பெண் நிலையத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் பெண். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போயிற்று. பேருந்துச் செலவு வேறு. நடந்ததைச் சொல்கிறாள். மனுவை வாங்கிக்கொண்டு, சி.எஸ்.ஆர். என்று சொல்லப்படும் ரசீது ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். அவள் அதை வழக்குப் பதிவு என்றே எண்ணிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரும்புகிறாள். அது மனு பெற்றதற்கான அடையாளந்தான். முதல் தகவல் அறிக்கை அன்று. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, "சமாதானம் ஆயிற்று" என்று எழுதி முடித்தால், அவள் பட்ட அடி எந்த அட்டவணையிலும் ஏறாது. மாவட்டத்தின் எண் குறைவாகவே இருக்கும்!

உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புரைத்தனர்: பிடிவாரண்டு இன்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் நடந்ததெனத் தகவல் வந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவது காவலரின் கட்டாயக் கடமை; குடும்ப வழக்கு, வணிகத் தகராறு முதலிய சிலவற்றில் மட்டும் முன்விசாரணை செய்துகொள்ளலாம் என்று. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், எல்லை கடந்த குற்றமாயினும் எந்த நிலையத்திலும் தகவலைப் பெறவேண்டும் என்கிறது. அறிக்கையின் படியைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவு. ஆயினும் ரசீதுக்கும் அறிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை லயன் வீட்டுப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்?

காவலரை மட்டும் ஏசுவது எளிது, அது நீதியுமாகாது. "உன் நிலையத்தில் மட்டும் வழக்குகள் ஏன் கூடின?" என்று மேலதிகாரி கேட்கும் கேள்விக்கு அஞ்சி, எழுதுகோலைக் கீழே வைக்கும் தலைமைக் காவலரையும் எண்ணிப் பார்க்கிறேன். குறைந்த எண்ணைப் பாராட்டும் ஆட்சி, குறைந்த எண்ணைத்தான் பெறும்.

இனி, குற்றமென்றே பெயர் பெறாத சாவுகளுக்கு வருகிறேன். அருவங்காட்டு ஆலையில் வேலைக்குப் போகும் தொழிலாளிக்குத் திருடனால் வரும் அச்சம் பெரிதா, தீப்பொறியால் வரும் அச்சம் பெரிதா? அவன் மனைவியைக் கேளுங்கள். அங்கே வெடிவிபத்துகள் நேர்ந்ததுண்டு. இதே நிறுவனத்தின்கீழ் மராட்டியத்தில் இயங்கும் பண்டாரா ஆலையில், 2025 ஜனவரி 24 அன்று வெடித்துச் சிதறியதில் 8 தொழிலாளர் மாண்டனர். 'விபத்து' என்று ஒரு சொல், ஓர் இரங்கல் அறிக்கை, இழப்பீடு. மேற்பார்வையில் குறை இருந்ததா, பழுதான பொறியைப் பற்றித் தொழிலாளி முன்னமே சொல்லியிருந்தானா, சொன்னவனை யார் அடக்கினார் என்பன ஊராருக்குத் தெரிய வருவதேயில்லை. பாதுகாப்புத் துறையின் இரகசியம் என்று கதவு மூடிக்கொள்ளும். வெடிமருந்து செய்யும் முறை இரகசியமாக இருக்கட்டும்; தொழிலாளி செத்த காரணமுமா இரகசியம்?

மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கூடலூருக்கும் அப்பால், கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கிறது பந்தலூர். 2023 டிசம்பரில் அங்கே சிறுத்தை ஒன்று பெண்களைத் தாக்கிற்று, ஒருவர் உயிரிழந்தார். மக்கள் முறையிட்டனர். 2024 ஜனவரி 6 அன்று, ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கவ்விச் சென்று கொன்றது. அதன்பின் கடையடைப்பு, சாலைமறியல். மறுநாள் சிறுத்தை பிடிபட்டது! மறுநாள் இயன்றது, மூன்று வாரங்களுக்கு முன்னே இயலாமற் போனதேன்?

சிறுத்தையைக் குற்றக்கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. காடு அதற்கும் வீடு. ஆனால் 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்ன வகுத்தது? 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், குடியிருப்பு வேண்டும், மருத்துவம் வேண்டும் என்று வகுத்தது. 2020 இல் நாடாளுமன்றம் அதனைப் புதிய தொகுப்புச் சட்டத்துள் அடக்கியது. பெயர் மாறினும், தாய் கொழுந்து பறிக்கும் நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும் என்னும் கேள்வி மாறவில்லை. லயன் வாயிலில் ஒரு விளக்கு, வீட்டோடு ஒட்டிய ஒரு கழிப்பிடம், விடியற்காலையில் வேலைக்கு ஏற்றிச் செல்ல ஒரு வண்டி: சிறுத்தைக்கும் கரடிக்கும் காட்டெருமைக்கும் எதிராக இவையே காவல். இவற்றுக்குத் துப்பாக்கி வேண்டாம். பணம் வேண்டும், மனம் வேண்டும்.

2009 நவம்பரில் பெருமழை கொட்டி மலை சரிந்து, இம்மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் புதையுண்டனர். மழையின்மேல் வழக்குப் போட முடியாது என்பர். சரிவென்று தெரிந்த இடத்தில் கட்டடம் எழுப்ப இசைவு தந்தவர்மேலுமா முடியாது?

அருவங்காட்டுக்கு அண்மையிலேயே காட்டேரிப் பக்கம் நஞ்சப்பசத்திரம் என்றொரு சிற்றூர். 2021 டிசம்பர் 8 அன்று, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர், வெலிங்டனை அடைவதற்குச் சற்று முன்னர் அங்கே மரங்களிடையே விழுந்து எரிந்தது. 14 பேரில் 13 பேர் அன்றே மாண்டனர். எஞ்சிய ஒருவர் டிசம்பர் 15 அன்று பெங்களூரில் உயிர் நீத்தார். முதலில் ஓடியவர்கள் அவ்வூர் மக்கள். தீயணைப்பு வண்டி இறங்க வழியில்லை. குடத்திலும் வாளியிலும் நீர் சுமந்தனர். தம் வீட்டுக் கம்பளிகளைக் கொணர்ந்து காயமுற்றோரைத் தூக்கினர். இராணுவம் பின்னர் நன்றி கூறிச் சிறப்பித்தது, தகும். ஆனால் எண்ணிப் பாருங்கள், தோழரே! நாட்டின் முதற்பெரும் படைத்தலைவர் விழுந்த இடத்துக்கே தீயணைப்பு வண்டி போக வழியில்லை என்றால், அதே சிற்றூரில் ஒரு குடிசை பற்றி எரிந்த நாளில் யார் வந்திருப்பார்? அந்த ஊர் அதற்கு முன்பும் மாவட்டக் கணக்கில் 'அமைதியான ஊர்' என்றுதான் இருந்திருக்கும்.

ஆகவே வேறொரு கணக்கைக் கேட்போம். நம் நிலையத்தில் சென்ற ஆண்டு வந்த மனுக்கள் எத்தனை. அவற்றுள் முதல் தகவல் அறிக்கையானவை எத்தனை. ரசீதோடு நின்றவை எத்தனை? வனவிலங்கு தாக்கி இறந்தோர் எத்தனை பேர். முன்னமே முறையிட்டும் கூண்டு வைக்கப்படாத இடங்கள் எவை? தீயணைப்பு வண்டி நுழைய முடியாத குடியிருப்புகள் எத்தனை? 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். விடைக்குக் கெடு 30 நாள். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதனை எழுத்தாக்கித் தர அலுவலர் உதவவேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே உண்டு. அருவங்காடு முதல் பந்தலூர் வரை, ஒவ்வொரு கிளையிலும் இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எழுதத் தெரிந்த தோழர் இருவர் தாளும் பேனாவுமாக லயன் வீட்டுத் திண்ணையில் உட்காரட்டும்.