பாலாவுக்குப் போகிறவர்களுக்கு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வெளிநாட்டுப் பயணம் என்றதும் இலண்டன், பாரிஸ் என்றே நம் நாவில் வருகிறது. பெரிய நகரங்களைக் கண்டவரே உலகம் கண்டவர் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நான் இதை ஏற்கவில்லை. ஒரு நாட்டு மக்களின் மனத்தை அறிய வேண்டுமானால் அவர்களுடைய சிறிய சந்தை ஊர்களுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. "நீ போய்ப் பார்த்தாயா?" என்று நண்பர்கள் கேட்கலாம். பக்கத்து மாவட்டத்தைத் தாண்டாதவன் நான். நூலகத்தில் படித்ததைக் கொண்டே எழுதுகிறேன்.

வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் பாலா என்றோர் ஊர். மக்கள்தொகை சுமார் 2,000. 1310ஆம் ஆண்டையொட்டி ரோஜர் மார்ட்டிமர் என்ற பிரபு அமைத்தது. அகன்ற நேரான கடைத்தெரு, பழைய மண்மேடு ஒன்று, ஊர் ஓரத்தில் வேல்ஸிலேயே பெரிய இயற்கை ஏரி. 18ஆம் நூற்றாண்டில் இங்கே கம்பளிக் காலுறை வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. பயண நூல்களோ ஏரியையும் படகையும் சொல்லி முடித்துக்கொள்கின்றன. அவ்வளவுதானா பாலா?

1800ஆம் ஆண்டில் மேரி ஜோன்ஸ் என்ற பதினைந்து வயதுச் சிறுமி, ஒரு நெசவாளியின் மகள், சுமார் 40 கிலோமீட்டர் மலைவழி நடந்து பாலாவுக்கு வந்தாள். காலில் செருப்பும் இல்லை என்பர். எதற்காக? ஒரு புத்தகம் வாங்க! தன் தாய்மொழியான வெல்ஷில் அச்சான விவிலியத்தை வாங்க ஆறு ஆண்டுகள் காசு சேர்த்தாளாம். தாமஸ் சார்லஸ் என்ற சமயப் போதகரிடம் அதைப் பெற்றாள். 1804இல் இலண்டனில் விவிலியச் சங்கம் தோன்ற இந்த நடையும் ஒரு தூண்டுகோல் என்று சொல்வதுண்டு.

சமயம் எதுவாயினும் ஆகட்டும். எனக்கு அந்த நடையே பெரிது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாரச் சந்தையில் அம்மா முருங்கைக்காய் விற்ற காசில்தான் என் முதல் இயற்பியல் வழிகாட்டி நூல் வந்தது. அந்த நூலில் என்ன இருக்கிறது என்று அம்மாவால் படிக்க முடியாது. ஆகவே மேரி ஜோன்ஸ் எனக்கு அந்நியர் அல்லர்.

பாலாவுக்குச் சில கிலோமீட்டர் வடமேற்கே இன்னொரு ஏரி உண்டு. அதன் பெயர் லின் கெலின். கண்ணுக்கு இனியது, ஆனால் இயற்கையானது அன்று. அதன் அடியில் கேபெல் கெலின் என்ற சிற்றூர் கிடக்கிறது. லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டுமென்று 1957இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. முந்தைய ஆண்டே ஊரார் லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் போய் முறையிட்டார்கள். பயனில்லை. பள்ளி, தேவாலயம், அஞ்சலகம், வீடுகள், வயல்கள் யாவும் போயின. 1965இல் அணை திறக்கப்பட்டது. 2005இல் லிவர்பூல் மாநகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து!

நகரத்தானுக்குத் தாகம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அறிவியல் படிக்கும் நான் அணையே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் இழக்கப்போகிறவனின் சொல் எடுபடாத சபையில் எடுத்த முடிவு எப்படி நியாயமாகும்? வீட்டுக்கும் நிலத்துக்கும் விலை போடலாம். ஒரே மொழியில் சிரித்தும் அழுதும் வாழ்ந்த அக்கம்பக்கத்துக்கு யார் விலை போடுவது? கேபெல் கெலின் வெல்ஷ் மொழி பேசிய ஊர். ஊர் கலைந்தபோது அந்தப் பேச்சும் அல்லவா சிதறியது!

அந்த வேதனை வேல்ஸ் மக்களை விழிக்கச் செய்தது. 2011இல் வெல்ஷ் மொழியின் ஆட்சிமொழி நிலை சட்டத்தில் உறுதியாயிற்று. ஆயினும் 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் அம்மொழி பேசத் தெரிந்தவர் 17.8 விழுக்காடுதான். பாலாவின் கடைத்தெருவிலோ அது இன்றும் அன்றாடப் பேச்சு.

ஆகவே, பாலாவுக்குப் போகும் வசதி படைத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகில் ஏறுமுன் அந்தக் கடைத்தெருவில் சிறிது நேரம் நில்லுங்கள். கடைக்காரரிடம் "போரெ டா" என்று அவர் மொழியில் காலை வணக்கம் சொல்லுங்கள். லின் கெலின் கரையில் படம் எடுக்குமுன், கீழே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்பதை நினையுங்கள். இவற்றைச் செய்யாதவர் ஏரியைப் பார்த்தவர். ஊரைப் பார்த்தவர் அல்லர்.

என்றேனும் எனக்கும் அந்த வாய்ப்பு வருமானால் பாலாவில் ஒரு புத்தகம் வாங்குவேன். எனக்குப் புரியாத வெல்ஷ் மொழியில்தான் வாங்குவேன். படிக்கத் தெரியாத நூலுக்கும் காசு கொடுக்கலாம் என்று எனக்குக் கற்றுத்தந்தவர் என் அம்மா அல்லவா?