எல்லோரும் ஒரே சமயத்தில்!

போன வாரம் எதிர்வீட்டுச் சிநேகிதி கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் பெண்ணின் பள்ளிக்கூட ரிப்போர்ட் அது. "வாசிப்பு நேரத்தில் பிறர் பேசும்போது குறுக்கே பேசுகிறாள், கவனம் போதாது" என்று எழுதியிருந்தது.

"படித்ததும் ஆத்திரத்தில் குழந்தையின் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டேன். இப்போது மனசு கேட்கவில்லை" என்று கண் கலங்கினாள்.

அவளுக்கு நான் ஹவாய்த் தீவுகளின் சமாசாரம் ஒன்றைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே இருக்கும் ஹவாய், 1959-ல் அமெரிக்காவின் 50-வது மாநிலமாயிற்று. அந்த மண்ணின் பூர்வ குடிகளுடைய குழந்தைகளில் பலர் பள்ளியில் வாசிப்பில் பின்தங்கி இருந்தார்கள். "சோம்பேறிகள், சொன்னதைக் கேட்காதவர்கள்" என்று கைவிட்ட உபாத்தியாயர்களும் உண்டு. ஆனால் அந்த வீடுகளுக்கே போய்ப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் கண்டது வேறு. அதே குழந்தைகள் வீட்டில் சமைத்தார்கள், துணி துவைத்தார்கள், தம்பி தங்கையைக் கவனித்துக்கொண்டார்கள். தெரியாததை அக்காவிடமும் அண்ணாவிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் 'ஒத்தாசை' என்று பெயர் வாங்கியது, பள்ளிக்கூடத்தில் 'காப்பி அடிப்பது' ஆகிவிட்டது!

1970-களின் தொடக்கத்தில், ஹவாயின் கமேஹமேஹா பள்ளிகளின் ஆதரவில் இதற்கென்றே ஒரு திட்டம் ஏற்பட்டது. ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர், காத்ரின் அவ் முதலியோர் அதில் உழைத்தார்கள். முதல் சில வருஷங்கள் எழுத்துக்களின் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தைகளும் சிரத்தையாகத்தான் படித்தார்கள். ஆனால் பலன் போதவில்லை.

பிறகு பாடத்தை மாற்றினார்கள். நாலைந்து குழந்தைகளை ஆசிரியை அருகில் உட்கார்த்தி வைத்துக்கொள்வாள். கதைக்குள் போகுமுன், அதை ஒட்டிய அவர்கள் சொந்த அநுபவத்தைப் பேச விடுவாள். அதன் பின் கொஞ்சம் வாசிப்பு, கதையைப் பற்றிக் கேள்வி. கடைசியில் கதையையும் அவர்கள் வாழ்க்கையையும் முடிச்சுப் போடுவாள்.

அங்கேதான் விசேஷம். ஹவாய்க்காரர்களிடம் 'டாக் ஸ்டோரி' என்று ஒரு பேச்சு வழக்கம் உண்டு. நாலு பெண்கள் கூடி முறுக்குச் சுற்றும்போது நாம் எப்படிப் பேசுவோம்? ஒருத்தி ஆரம்பிப்பாள், இன்னொருத்தி நடுவில் சேர்ந்துகொள்வாள், மூன்றாமவள் முடித்து வைப்பாள். யாராவது கையைத் தூக்கி அநுமதி கேட்கிறோமா? ஏறக்குறைய அதே மாதிரிதான். குறுக்கே பேசுவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல; "உன் கதையில் எனக்கும் அக்கறை இருக்கிறது" என்று காட்டுவது.

இதை 1981-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் காத்ரின் அவ் காட்டினார். ஒரே குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியைகள். "ஒவ்வொருவராகப் பேசுங்கள்" என்று வற்புறுத்தியவளுக்கு அடக்குவதிலேயே பொழுது போயிற்று. சேர்ந்து பேச விட்டவளிடமோ, குழந்தைகள் பாடத்தை விட்டு நகரவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அவள் கடிவாளத்தை விட்டுவிடவில்லை. எதைப் பற்றிப் பேசுவது என்பது அவள் கையில். யார் எப்போது பேசுவது என்பது குழந்தைகள் கையில்.

"அப்படியானால் எல்லாப் பள்ளிகளிலும் இதையே செய்துவிடலாமே!" என்று தோன்றுகிறதல்லவா? 1983-ல் அரிஸோனாவில் நவஹோ இந்தியர்களின் குழந்தைகள் படிக்கும் ராஃப் ராக் பள்ளிக்கு இதே முறையைக் கொண்டுபோனார்கள். அங்கே அது அப்படியே செல்லவில்லை. நவஹோக் குழந்தை யோசித்து, நிதானமாகப் பேசும். நடுவே மௌனம் வந்தால், பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கதையைத் துண்டு துண்டாக நறுக்காமல் முழுதும் கேட்டபின் பேசவே அவர்களுக்குப் பிரியம். ஆகவே அங்கே ஆசிரியை கற்க வேண்டியிருந்தது, காத்திருப்பதை! மருந்து ஒன்றுதான், அநுபானம் வேறு.

சிநேகிதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் ரிப்போர்ட் தப்பா?" என்றாள்.

தப்பு என்று நான் சொல்லவில்லை. 40 குழந்தைகள் உள்ள வகுப்பில் தன் முறைக்குக் காத்திருக்க அவள் கற்கத்தான் வேண்டும். ஆனால் குறுக்கே பேசும் குழந்தை கவனிக்காத குழந்தை என்று ஏன் தீர்மானிக்க வேண்டும்? என்ன பேசினாள் என்று ஒருவராவது கேட்டோமா? கதையைப் பற்றியே பேசியிருந்தால்? வாய் திறக்காத குழந்தைக்கும் இதே நியாயம்தான்.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டுத் திண்ணையில் தாயும் பெண்ணும் ஒரு கதைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே போகவில்லை.