ஜனாஸாவை அடகு பிடிக்கும் ஆஸ்பத்திரிகள்!

சகோதரனே!

வாப்பா மவுத்தாகிவிட்டார். பள்ளிவாசலில் அறிவிக்க வேண்டும், கபுரு வெட்ட ஆள் சொல்ல வேண்டும். மகனோ தனியார் மருத்துவமனையின் கவுண்டரில் கைகட்டி நிற்கிறான். "பாக்கியைக் கட்டு, மய்யித்தை எடு!" என்கிறார்கள். உம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. அதுவும் போதாமல் வட்டிக்காரன் வாசல்! ஹராம் என்று தெரிந்தே வட்டிக்கு வாங்கி ஜனாஸாவை மீட்கும் அவலம் நம் ஊர்களில் நடக்கிறதா, இல்லையா?

இந்த அதிகாரத்தை இவர்களுக்குக் கொடுத்தது யார்?

எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை! பில் பாக்கி என்பது சிவில் கடன். வேண்டுமானால் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வசூலிக்கட்டும். பணத் தகராறைக் காட்டி நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்கிறது, 2018ல் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைகள் சாசனம். உயிரோடு இருப்பவரைப் பூட்டி வைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 127வது பிரிவின்படி குற்றம்.

"நீ மகன்தானே, நீதான் கட்ட வேண்டும்" என்பது அடுத்த பொய். இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்தின் மீதுதான் நிற்கும். வாரிசு தன் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாளி என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 52வது பிரிவு. வாப்பா எதையும் விட்டுச் செல்லவில்லையா? மகன் என்பதற்காக உன் கடை கல்லாவில் எவரும் கை வைக்க முடியாது.

அப்படியானால் எங்கே சிக்குகிறாய்? உன் கையெழுத்தில்! அட்மிஷன் போடும் பதற்றத்தில் நீட்டும் தாள்களில் ஒன்று, 'முழுத் தொகைக்கும் நானே பொறுப்பு' என்கிறது. அதில் கையெழுத்திட்டால் நீ ஜாமீன்தாரன். 1872ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவின்படி நோயாளியின் கடன் முழுவதும் உன் கடனாகிறது. ஆபரேஷனுக்குச் சம்மதம் வேறு, பணத்துக்கு ஜாமீன் வேறு. கடையில் பத்து ரூபாய் பில்லை இரண்டு முறை சரிபார்க்கும் வியாபாரியே, இதைப் படித்தாயா?

கடனை ஏமாற்றச் சொல்லவில்லை. சொத்து இருந்தால் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகே பாகப்பிரிவினை என்பது அல்லாஹ்வின் சட்டம் (4:11). உயிரோடிருக்கும் பெற்றோருக்கு வைத்தியம் பார்ப்பதும் உன் கடமை. 2007ம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நியாயமான பாக்கியைக் கொடு, அநியாயமான பில்லுக்கு விவரம் கேள். மிரட்டலுக்கு மட்டும் பணியாதே!

ஜமாஅத் தலைவர்களே! கடனாளியாக இறந்தவரின் ஜனாஸா வந்தபோது, அந்தக் கடனுக்குத் தாமே முன்வந்து பொறுப்பேற்றார்கள் அபூகதாதா (ரலி) அவர்கள். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு (9:60). கந்தூரிக்கும் அலங்கார வளைவுக்கும் வசூலாகும் ஊரில், பைத்துல்மால் பெட்டி மட்டும் ஏன் காலியாகக் கிடக்கிறது?

இளைஞனே! நாளை உன் மஹல்லாவில் ஒரு ஜனாஸா தடுக்கப்பட்டால் தனியாக அழாதே. நான்கு பேரோடு போ. மறுப்பை எழுத்தில் கேள். காவல் நிலையத்திலும், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் கொடு. வட்டிக்காரன் வாசலை மிதிக்கும் முன், சட்டத்தின் கதவைத் தட்டு!