பிடி அரிசி ஐக்கியம்

போன மாசம் சபைக் கூட்டத்தில் கல்லறைப் பிரச்சினையை எழுப்பினேன். எங்க ஊரில் ஊர்த்தெருக் கிறித்தவர்களை வேலிக்கு உள்ளே புதைக்கிறார்கள். நம்ம சனங்களை வாய்க்காலுக்கு அந்தாண்டை. மழை பெய்தால் தாத்தா கல்லறைமேல் தண்ணி நிற்கும். போதகர் ஐயா எழுந்தார். "தம்பி, சாதியப் பேசாதீங்க. விசுவாசிகளுக்குள்ள ஐக்கியம் கெட்டுடும்." வெளியே வந்து இயக்கத் தோழரிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். "ஐக்கியமாம் ஐக்கியம்! இன்னும் என்னத்துக்கு தோழர் அங்க ஒட்டிக்கிட்டு இருக்கீங்க, வெளிய வாங்க."

ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் தோழருக்கு.

ஐக்கியம் என்பது எனக்குப் பிரசங்க வார்த்தை இல்லை தோழர், தின்ற சோறு. எங்கம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். நம்ம தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். நான் எட்டாவது படிக்கும்போது அறுப்புக் கூலியை ஏத்திக் கேட்டதற்காகச் சேரிக்கே வேலை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். நாற்பது நாள். ஏலம் போட்டுக் கோயில் கணக்கில் சேர்க்க வேண்டிய பிடி அரிசியைக் கோயில் வாசலிலேயே பொங்கினோம். சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகளும் அதே பந்தியில்தான் உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்குக் கூடிய பொம்பளைகள்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு யார் போவது என்று முடிவு செய்தார்கள். நாலு பேர் முன்னால் நடுங்காமல் பேச நான் கற்றதும் அங்கே சாட்சி சொல்லித்தான், இயக்கக் கூட்டத்தில் அல்ல. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி ஆசிரியராக இருந்து 2005ல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை, 'ஒரு உலை' என்று பாடியும் பேசியும் வந்தது இதைத்தான். இதை விட்டுவிட்டு வா என்றால் எங்கே வருவது?

இனி போதகர் ஐயாவுக்கு. அந்த நாற்பது நாளில் ஊர்த்தெரு விசுவாசிகள் ஒரு படி அரிசி அனுப்பவில்லை. அப்போது கெடாத ஐக்கியம் நான் வாயைத் திறந்ததும் கெடுகிறதா? வடக்கன்குளத்தில் 1872ல் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்தே கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, சனம் ரெண்டு. 1910ல் சுவரை இடித்ததும் கோர்ட்டுக்குப் போனார்கள். அதெல்லாம் பழங்கதை என்பார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். உள்ளே மரியாதை இல்லாததால் கேட்டது. அதற்காகச் சேரியில் புகுந்து வீடுகளை அடித்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இதிலே ஐக்கியத்தை உடைத்தது யார்?

அந்தியோக்கியாவில் பேதுரு முதலில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் நைசாக விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். 'ஐக்கியம் கெடும்' என்று பவுல் சும்மா இருந்திருந்தால் நீங்களும் இல்லை, நானும் இல்லை ஐயா. அரசாங்கமும் உங்களைப்போலத்தான் பேசுகிறது. 1950 ஆணையை 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் திறந்தார்கள். கிறித்தவனுக்கு ஏது சாதி என்று நம்மை மட்டும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கல்லறையில் இருக்கிற சாதி கெஜட்டில் இல்லையாம்.

ஒன்றை மறைத்து எழுதினால் நானும் பேதுருதான். அந்தக் கோயில் வாசல் உலையில் அகப்பை பிடித்துப் பரிமாறியது ஒரு அருந்ததியப் பெண், அம்மாவோடு நடவுக்குப் போகிற அக்கா. எங்க தெருப் பெரியவர்கள் ரெண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்கள். ஒருத்தர் என் சொந்தப் பெரியப்பா. யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா மட்டும் அந்த அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையாலேயே ரெண்டாம் முறையும் வாங்கித் தின்றது.

அடுத்த சபைக் கூட்டத்தில் கல்லறை வேலியைத் திரும்ப எழுப்பப் போகிறேன். அதற்கு முன்னால் பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும்.